சின்னமனூர்ப் புளியமரத்தடியில் நிற்கும் கார்

என் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேனி மொத்த மார்க்கெட்டில் மிளகும் ஏலக்காயும் வாங்கி விற்பது என் தொழில். மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி அள்ளி மோந்தால் போதும், எந்த மலையில் விளைந்தது, மழையில் நனைந்ததா, ஒழுங்காகக் காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். வியாபாரிகளுக்குள் தகராறு வந்தால் என்னைக் கூப்பிட மாட்டார்கள், என் மூக்கைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மூக்கோடுதான் நான் ஒரு பழைய காரிடம் மூன்று மாதம் தோற்றுக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரத்து இரண்டாம் வருடம். போடியில் ஒரு வயதான டாக்டர் கண் பார்வை குறைந்து ஓட்டுவதை விட்டபோது அவருடைய வெள்ளைக் காரை நான் வாங்கினேன். அதற்கு ஏறக்குறைய என் வயது. கதவை மூடினால் பீரோ மூடுகிற சத்தம் வரும். பெட்ரோல் காட்டும் முள் எப்போதும் பாதியில்தான் நிற்கும். டேங்க் நிரம்பியிருந்தாலும் பாதி, வறண்டிருந்தாலும் பாதி. "பெரிய மனுசன் வண்டி, கூடக்கொறையப் பேசாது" என்று நண்பர்களிடம் சொல்லிச் சமாளித்தேன்.

வாங்கியதற்குக் காரணம் என் மகள். அவள் பிறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கப்படி என் மனைவி கம்பத்தில் இருந்தாள். குழந்தையை மூன்றாம் மாதத்தில் புகுந்த வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தவறினால் நான்காம் மாதம் ஆகாது, ஐந்தாம் மாதம்வரை காத்திருக்க வேண்டும். என் மகளைச் சொந்தக் காரில் அழைத்து வருவேன் என்று நான் மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் யாருக்கும் கிடையாது.

முதல் ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து கிளம்பினேன். வீரபாண்டியில் கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வண்டி வெண்ணெய் போல ஓடியது. சின்னமனூர் தாண்டி ஒரு பெரிய புளியமரம், அதன் எதிரே ஒரு டீக்கடை. அந்த இடம் வந்ததும் கார் இரண்டு முறை விக்கியது, ஒரு முறை குலுங்கியது, நின்றது. சாவியைத் திருகினால் இருமியது. அதோடு சரி.

நம் பக்கத்தில் நின்றுபோன காரைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவன் இன்னும் பிறக்கவில்லை. டீக்கடையில் இருந்த நாலு பேரும் கிளாசோடு வந்துவிட்டார்கள்.

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"முள்ளு பாதின்னு காட்டுது. ஆனா பாருங்க, இந்த மாதிரி வண்டியில முள்ளை நம்பக் கூடாது."

ஒருவர் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகித் திறந்தார். 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒரு குச்சியை விட்டு எடுத்து, ஈரத்தைப் பார்த்து, "கெடக்கு" என்று மூடினார். அதற்குள் இன்னொருவர் பானட்டைத் தூக்கி, காயில் என்கிற உருளையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "சுடுது. காயில் சூடானா மின்சாரம் தராது. ஈரத்துணி போடுங்க." போட்டோம். சாவியைத் திருகினேன். கார் உடனே கிளம்பியது. அவர் மீசையைத் தடவிக்கொண்டு டீயை முடித்தார். கம்பம் போகும்வரை வேறெங்கும் நிற்கவில்லை.

ஆனால் எனக்கு முன்னால் செய்தி போய்விட்டது. நான் ஈரத்துணி தேடிக்கொண்டிருந்தபோது என்னைத் தாண்டிய கம்பம் பஸ்ஸில் மாமனார் தெருக்காரர் ஒருவர் இருந்திருக்கிறார்.

என் மாமனார் திராட்சைத் தோட்டக்காரர். உருவம் பெரியது, பேச்சு சிறியது. வாசலில் நின்று காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"வழியில நின்னுருச்சாமே மாப்ளே."

"காயில் சூடு மாமா. சரி பண்ணியாச்சு."

"பச்சப்பிள்ளைய நடுரோட்டுல வச்சுக்கிட்டு நிக்க முடியாதுல்ல. ஒரு தடவையாச்சும் வண்டி நிக்காம வந்து சேரட்டும். அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க."

சொந்தக்காரர்கள் எல்லாம் இருக்கும்போது சொன்னார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "அடுத்த வாரமே பாருங்க" என்றேன். மகள் என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். அவள் தலையின் வாசனையை அன்றுதான் முதன்முதலாக நன்றாக மோந்தேன். நான் அறிந்த எந்தச் சரக்கிலும் அந்த வாசனை இல்லை. திரும்பும்போது அந்த வாசனையோடு ஓட்டி வந்தேன். கார் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை, அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேனியில் என் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்குக் காயில் தெரியாது, கண்ணேறு தெரியும். அடுத்த ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்து, சந்தனத்தைக் குழைத்து, பானட், நாலு சக்கரம், ஸ்டியரிங், விளக்கு, நம்பர் பிளேட் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக் குங்குமமும் வைத்தாள். கார் வந்த நாளிலிருந்தே வெளியூர் கிளம்பும்போதெல்லாம் வைப்பதுதான். இந்த முறை கொஞ்சம் தாராளம்.

"டேங்க் மூடிக்கும் ஒவ்வொரு தடவையும் எதுக்கும்மா வைக்கிற?"

"ஏப்பா, அதுதானே அதுக்கு வாயி. சோறு திங்கிற எடத்தை விட்டுட்டு மத்த எடத்துல வச்சா நல்லாவா இருக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. கிளம்பினேன். சின்னமனூர் தாண்டி அதே புளியமரம். அதே விக்கல். அதே டீக்கடை.

இந்தத் தடவை காயிலுக்கு ஏற்கெனவே ஈரத்துணி சுற்றியிருந்ததால் அந்த மீசைக்காரர் பேச்சு எடுபடவில்லை. சின்னமனூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். வந்ததும் அவரும் "பெட்ரோல் இருக்கா" என்றுதான் ஆரம்பித்தார், மூடியைத் திறந்தார், 'உஸ்ஸ்' கேட்டது. "வண்டியே பெருமூச்சு விடுதுண்ணே" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பிறகு கார்பரேட்டரைக் கழற்றி, ஓட்டைகளை ஊதி, மாட்டினார். கார் கிளம்பியது. கார்பரேட்டரில் தூசி என்பது நிரூபணமாகிவிட்டது.

மூன்றாவது ஞாயிறு தூசி இல்லை, பிளக்கில் கரி. நான்காவது ஞாயிறு கரி இல்லை, பாயிண்ட் தேய்மானம். ஒவ்வொருவரும் சொன்ன காரணம் சரி என்று கார் உடனே கிளம்பிக் காட்டியது, அடுத்த வாரம் அதே மரத்தடியில் நின்று அவரைப் பொய்யராக்கியது. ஒரு வாழைத் தோட்டக்காரர், பெட்ரோல் வருகிற குழாய் சூட்டில் உள்ளே ஆவி அடைக்கிறது என்று சொல்லி, தன் தோட்டத்திலிருந்தே வாழைப்பட்டை உரித்து வந்து குழாய் முழுக்கச் சுற்றிக் கயிறு கட்டினார். அன்று என் எஞ்சினைத் திறந்து பார்த்தால் பந்திக்குத் தயாரான மாதிரி இருந்தது. அதற்கும் கார் கிளம்பியது. அவர் என் தோளில் தட்டி, "நம்ம ஊர் வாழை சும்மா இல்லண்ணே" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது காரின் மீது அல்ல, அதன் ஓரவஞ்சனையின் மீது. தேனிக்குள் எவ்வளவு சுற்றினாலும் நிற்காது. கம்பத்திலிருந்து திரும்பும்போது நிற்காது. கம்பத்துக்குப் போகும்போது மட்டும் நிற்கும். இதைச் சொன்னதும் மார்க்கெட்டில் பட்டிமன்றமே நடந்தது. கம்பம் பக்கம் போனால் ஏற்றம், எஞ்சின் திணறுகிறது என்றார் ஒருவர். எதிர்க்காற்று என்றார் இன்னொருவர். "மாமனார் வீட்டுல சாப்பிட்டா நீ கனமாயிட்ற, கனம் இருந்தாத்தான் அந்த வண்டி ஓடும்" என்றான் பக்கத்துக் கடைக்காரன். அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அம்மாவின் ஆராய்ச்சி வேறு. "ஒரே எடத்துல நிக்குதுன்னா அந்த மரத்துலதான் ஏதோ இருக்கு" என்றாள். அதற்கு வைத்தியமாகச் சந்தனம் இன்னும் கெட்டியானது. பொட்டு ஒரு ரூபாய் அளவிலிருந்து வடை அளவுக்கு வளர்ந்தது.

கம்பத்தில் மாமனார் ஒவ்வொரு வாரமும் ஒன்றும் கேட்க மாட்டார். பஸ் எல்லாவற்றையும் சொல்லியிருக்கும். "வாங்க மாப்ளே, கையைக் கழுவுங்க" என்பார். கரி படிந்த என் கைகளை அவர் பார்க்கும் பார்வையில் வருத்தம் இருந்த மாதிரி தெரியும், சந்தோஷம் இருந்த மாதிரியும் தெரியும். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு திராட்சைப் பந்தலுக்கடியில் நடப்பார். அவ்வளவு பேசாத மனிதர், அவளிடம் மட்டும் மருந்தடிப்பு, பழ விலை, ஆள் கூலி எல்லாம் விலாவாரியாகச் சொல்வார். என் மனைவி ஒருநாள் என்னிடம், "எங்கிட்ட அய்யா இவ்வளவு பேசுனதே இல்லைங்க" என்றாள். எனக்கு அது கேட்கவில்லை. என் காதில் எஞ்சின் விக்கல் மட்டும்தான் இருந்தது.

மூன்றாம் மாதத்தின் கடைசி ஞாயிறு வந்தது. அதற்குள் காயில், பிளக், பாயிண்ட், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பு எல்லாம் புதிதாகிவிட்டன. பழைய காருக்குள் ஒரு புதுக் காரே இருந்தது. அம்மாவும் புதுச் சேலை கட்டி என்னோடு ஏறினாள், பேத்தியை மடியில் வைத்துக் கொண்டுவர. சின்னமனூர் வந்தது. நான் ஸ்டியரிங்கை நோக்கிக் குனிந்து, "இன்னைக்கு மட்டும்" என்றேன். புளியமரம் வந்தது. வண்டி விக்கியது.

டீக்கடைக்காரர் எழுந்துகூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, "பெட்ரோல் இருக்கானு பாருங்கண்ணே" என்றார்.

கம்பம் போய்ச் சேர்ந்தபோது இலை போட்டிருந்தார்கள். மாமனார் என் அம்மாவை மரியாதையாக வரவேற்றார். பிறகு பொதுவாகச் சொன்னார், "பஸ்ஸுல வந்தவுக சொன்னாக. அஞ்சாம் மாசம் பாத்துக்கலாம்." என் மனைவி குனிந்துகொண்டாள். அவளும் துணிகளை மூட்டை கட்டி வைத்திருந்தாள். குழந்தைக்கு மை தீட்டி, புதுச்சட்டை போட்டிருந்தாள்.

இன்னும் இரண்டு மாதம் அந்தக் குழந்தை இல்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. வழக்கமாக மாமியார் இரண்டாம் முறை சோறு வைத்து, ரசம் ஊற்றி, பாயசம் வரும்வரை நான் எழ மாட்டேன். அன்று முதல் சோற்றிலேயே எழுந்து கையைக் கழுவினேன். காரை இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப் போகிறேன் என்று சண்டை போடும் முடிவோடு வாசலுக்கு வந்தேன்.

மாமனார் காரின் பின்பக்கத்தில் குந்தியிருந்தார். டேங்க் மூடி அவர் இடது கையில் இருந்தது. வலது கையில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி. மூடியின் நடுவில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, குச்சியை ஒரு சின்ன ஓட்டைக்குள் விட்டுக் குடைந்து, வாயால் ஊதி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். கை பழகிய வேலை. முதல் தடவை செய்கிற ஆள் அப்படிச் செய்ய மாட்டார்.

"என்ன மாமா பண்றீக?"

அவர் திரும்பினார். நான் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. குச்சியைக் காதில் செருகிக்கொண்டார்.

"இந்த ஓட்டை வழியாத்தான் டேங்குக்குக் காத்துப் போகணும் மாப்ளே. பெட்ரோல் கொறையக் கொறைய உள்ள காத்து நெறையணும். அடைச்சுக்கிட்டா கொஞ்ச தூரம் ஓடும், பெறகு பெட்ரோலை இழுக்க முடியாம நின்னுரும். மூடியைத் திறந்தா காத்துப் போயிரும், கிளம்பிரும்."

எனக்கு அந்த 'உஸ்ஸ்' காதில் கேட்டது. மீசைக்காரர், மெக்கானிக், வாழைத் தோட்டக்காரர் எல்லோரும் மூடியைத் திறந்து வண்டியைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகுதான் வைத்தியத்தை ஆரம்பித்திருக்கிறார்கள். மிளகு மூட்டைக்குள் ஒரு சொட்டு ஈரத்தைக் கண்டுபிடிக்கிற நான், வாராவாரம் சந்தனம் மணக்க மணக்கப் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தோட்டத்து டீசல் இன்ஜின் டேங்க் மூடிக்கு உங்க அத்தை ஆயுதபூசைக்குப் பொட்டு வச்சா. ஒரு வாரம் தண்ணி பாய்ச்ச முடியல. தெரிஞ்சுக்கிட்டேன்."

"இங்கன வர்ற ஒவ்வொரு வாரமும் இதைப் பண்ணீகளா?"

"நீங்க நல்லபடியா ஊர் போய்ச் சேரணும்ல."

அதுவரை எதிர்க்காற்று, ஏற்றம், என் உடம்புக் கனம் என்று பேசப்பட்டதெல்லாம் இந்த ஈர்க்குச்சிதான். சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. கத்தத்தான் செய்தேன், ஆனால் சத்தம் பாதிதான் வந்தது.

"முதல் வாரமே சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே மாமா."

அவர் மூடியை வேட்டியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "சொல்லியிருந்தா பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருப்பீகள்ல" என்றார்.

அதற்கு மேல் நான் போட வந்த சண்டையில் ஒன்றும் மிச்சமில்லை. அவர் மூடியை மாட்டித் திருகினார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "இனி நிக்காது. எமகண்டம் முடிஞ்சதும் கெளம்புங்க" என்று உள்ளே போய்விட்டார். குழந்தையை என் அம்மா மடியில் வைத்தவரும் அவர்தான். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றி வந்தாள். டேங்க் மூடியை மறைத்துக்கொண்டு நான் நின்றேன். "இங்கன வேணாம்மா" என்றேன். "வாயில்லாத வண்டியா இது" என்று முனகிக்கொண்டே அம்மா என் முழங்கையில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். கார் புளியமரத்தைத் தாண்டியபோது டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் கையைக்கூடத் தூக்கினார், நிறுத்தப் போகிறேன் என்று நினைத்து.

அதன் பிறகு கார் எங்கேயும் நிற்கவில்லை. நிற்காத காருக்கு வாராவாரம் கம்பம் போகவேண்டிய அவசியமும் இல்லை. மிளகு சீசன் வந்தது, ஞாயிற்றுக்கிழமையும் மார்க்கெட் இழுத்தது. மகள் குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள். மாமனார் போனில் "சௌக்கியமா மாப்ளே" என்பார், பேத்தியின் காதில் போனை வைக்கச் சொல்வார், அவளும் அவரும் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்கள்.

தை கழிந்து ஒரு நாள் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கம்பம் போனேன். அம்மா ஊரில் இல்லை, எனவே காருக்குப் பொட்டும் இல்லை. போகும்போது ஒரு விக்கல்கூட வரவில்லை. மகள் திராட்சைப் பந்தலுக்கடியில் தாத்தாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று பழகினாள். "ராத்திரி தங்கிட்டுப் போகலாம்ல" என்றாள் மாமியார். காலையில் சரக்கு வருகிறது என்று சொல்லி நான் பொழுதோடு கிளம்பினேன். மாமனார் எனக்கு முன்னால் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். நான் பாயசம் குடித்து முடிக்கும்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

சின்னமனூரை நெருங்கும்போது கார் விக்கியது. புளியமரம் வரை உருண்டு வந்து நின்றது. கம்பத்திலிருந்து திரும்பும்போது அது நின்றது அதுதான் முதல் தடவை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

நான் பானட்டைத் தூக்கவில்லை. நேராகப் பின்னால் போனேன். மூடியைத் திறக்கும் முன்பே மூக்கு சொல்லிவிட்டது. மூடியின் நடுவில், ஓட்டைக்கு நேர் மேலே, ஒரு பெரிய சந்தனப் பொட்டு இருந்தது, நன்றாக அழுத்தி வைத்தது. குங்குமம் இல்லை.

மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்றது. கீழே கிடந்த ஒரு முள்ளை எடுத்து ஓட்டையைக் குடைந்தேன். இனி தேனிவரை நிற்காமல் போகும். காரில் ஏறி, சாவியைத் திருகி, வண்டியைக் கம்பம் பக்கமாகத் திருப்பினேன். மனைவி என்னைப் பார்த்துவிட்டு மகளை மடியில் நன்றாகச் சாய்த்துக்கொண்டாள்.

மாமனார் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது. அவர் கேட் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"வண்டி நின்னுருச்சு மாமா" என்றேன்.

"பழைய வண்டில்ல மாப்ளே. காலைல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பேத்தியை வாங்க இரண்டு கைகளையும் நீட்டினார். வலது கட்டைவிரல் நகத்தோரம் சந்தனம் காய்ந்திருந்தது. நான் மகளைக் கொடுத்தேன்.